வீட்டுக்கு வந்த சினிமாக் கொட்டகை
ஐந்து ஸ்பீக்கரும் ஒரே குரலில் கத்தினால் என்ன பயன்?

டெலிவிஷன் பெட்டி பெரிதாகிக்கொண்டே போகிறது. அதன் குரல் மட்டும் சிறிதாகிக்கொண்டே போகிறது!

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி ஒரு வரிக்குறைப்பு வந்தது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டெலிவிஷன்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 18 சதவீதம் ஆயிற்று. தீபாவளி நெருங்கிய நேரம். 43 அங்குலம், 55 அங்குலம் என்று பேசுவது நடுத்தரக் குடும்பங்களிலும் சகஜமாகிவிட்டது.

பெட்டி வீட்டுக்கு வந்தாயிற்று. சுவரில் மாட்டியாயிற்று. படம் கண்ணாடி போலத் தெரிகிறது. ஆனால், கதாநாயகன் பேசுவது காதில் விழவில்லை. சப்தத்தைக் கூட்டினால் பேச்சு கேட்கிறது. அடுத்த நிமிடம் சண்டைக் காட்சி. குண்டு வெடிக்கிறது. தொட்டிலில் தூங்கிய குழந்தை வீறிட்டு அழுகிறது. உடனே ரிமோட்டைத் தேடிச் சப்தத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் மறுபடியும் பேச்சு கேட்காது. இரண்டரை மணி நேரப் படத்தில் பாதி நேரம் இதே வேலை!

இது டெலிவிஷனின் கோளாறு அல்ல. அதன் உடல்வாகு அப்படி.

மெலிந்த பெட்டி, மெலிந்த குரல்

தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு டெலிவிஷன் போய்ச் சேர்ந்தது. அவை முதுகு பெருத்த பழைய ரகப் பெட்டிகள். பெட்டிக்குள் இடம் இருந்தது. ஸ்பீக்கரை முன்பக்கம் பார்த்தபடி வைக்க முடிந்தது. குரலும் நேராக முகத்துக்கு வந்தது.

இப்போதைய பெட்டி இரண்டு விரல் தடிமன்தான். முன்பக்கம் முழுவதும் திரை. ஸ்பீக்கருக்கு இடம் எங்கே? கீழே பார்த்தபடியோ, பின்னால் சுவரைப் பார்த்தபடியோ, தீப்பெட்டி அளவுக்கு இரண்டு ஸ்பீக்கர்களை ஒட்டவைத்துவிடுகிறார்கள். தவில் அடித்தால் தகர டப்பா தட்டுவதுபோல் கேட்பது அதனால்தான். ஆழ்ந்த சப்தம் வர வேண்டும் என்றால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சின்ன ஸ்பீக்கரால் அது ஆகாது.

இன்னொரு காரணமும் உண்டு. சினிமாவில் சப்தம் பதியும் முறையே மாறிவிட்டது. 1995-ம் ஆண்டு "குருதிப்புனல்" டால்பி ஒலியுடன் வந்தது. 1996-ல் "கருப்பு ரோஜா" டி.டி.எஸ். ஒலியுடன் வந்தது. அதன் பிறகு கொட்டகைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு சுவர் முழுவதும் ஸ்பீக்கர் மாட்டினார்கள். மழை பெய்தால் தலைக்கு மேல் பெய்தது. கார் ஓடினால் இடது காதில் நுழைந்து வலது காதில் வெளியேறியது.

இன்று வீட்டில் ஓ.டி.டி. மூலம் பார்க்கும் பெரிய படங்களிலும் அந்தச் சப்தம் பெரும்பாலும் பிரிந்தே வருகிறது. பேச்சு தனி, பின்னணி தனி, இடி முழக்கம் தனி. இவ்வளவையும் டெலிவிஷன் தன் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களுக்குள் அள்ளிப் போட்டுக் கலக்கிவிடுகிறது. அந்தக் கலக்கலில் முதலில் மூழ்குவது பேச்சு!

கொட்டகையா, வீடா?

இதில் பெரிய வியாபாரச் சண்டையும் இருக்கிறது. ஒரு படம் கொட்டகைக்கு வந்து எத்தனை நாளில் வீட்டுக்கு வரலாம்? தமிழ்ப் படங்களுக்கு நான்கு வாரம் என்பது வழக்கமாகிவிட்டது. வட இந்தியாவின் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரம் கேட்கின்றன. 2023 அக்டோபரில் "லியோ" படத்தின் ஹிந்திப் பதிப்பை அந்த நிறுவனங்கள் இந்தக் காரணத்தாலேயே திரையிடவில்லை. 2025-ல் "தக் லைஃப்" எட்டு வாரம் கழித்தே வீட்டுக்கு வரும் என்றார்கள். ஜூன் 5-ல் வெளியான படம், ஜூலை 3-ந் தேதியே ஓ.டி.டி.யில் வந்துவிட்டது. சரியாக நான்கே வாரம்!

குடும்பத் தலைவி போடும் கணக்கு எளிமையானது. டிக்கெட் ரூ.150 என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு ரூ.600. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. அதற்குமேல் வண்டி நிறுத்தக் கூலி, இடைவேளைச் சோளப்பொரி. "நாலு வாரம் பொறுத்தால் வீட்டிலேயே பார்க்கலாமே" என்று அவர் சொல்வதில் என்ன தவறு? ஆனால் வீட்டில் அந்தச் சப்தம் இல்லை. அந்தக் குறையை நம்பித்தான் "ஹோம் தியேட்டர்" வியாபாரம் நடக்கிறது. ஏமாற்றமும் அங்கேதான் நடக்கிறது.

ஐந்து பெட்டி, ஒரே பாட்டு

"5.1" என்று கடைப் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அது என்ன கணக்கு?

ஐந்து என்பது ஐந்து ஸ்பீக்கர். முன்னால் இடது, வலது, நடு. பின்னால் இடது, வலது. அந்தப் "புள்ளி ஒன்று" என்பது சப் வூஃபர். இடி, குண்டு, யானை நடை போன்ற அடிச் சப்தத்துக்கு மட்டும் அது. ஆறு ஸ்பீக்கருக்கும் ஆறு விதமான சப்தம் தனித்தனியாக வர வேண்டும். வந்தால்தான் அது 5.1.

மலிவு விலைப் பெட்டிகள் பலவற்றின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் சங்கதி தெரியும். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு துளைகள். புளூடூத். பென் டிரைவ் செருக ஓர் இடம். அவ்வளவுதான். இந்த வழிகளில் உள்ளே போவது இடது, வலது என்ற இரண்டே சப்தம். உள்ளே போவது இரண்டு என்றால் வெளியே ஆறு எப்படி வரும்? வராது. அதே இரண்டை ஐந்து பெட்டிக்கும் பகிர்ந்து கொடுக்கிறார்கள். முன்னால் பேசும் அம்மாவின் குரல் பின்னாலும் கேட்கிறது. வாங்கியவர், "அடேயப்பா! நாலு பக்கமும் சப்தம்!" என்று மகிழ்கிறார். நாலு பக்கமும் ஒரே சப்தம் என்பதைக் கவனிப்பதில்லை.

சில பழைய பெட்டிகளில் முதுகில் ஆறு துளைகள் இருக்கும். அவை டி.வி.டி. காலத்துச் சரக்கு. அந்தக் காலத்து டி.வி.டி. பிளேயர்கள் சில, ஆறு கம்பியில் ஆறு சப்தமும் தந்தன. பெட்டியும் உண்மையாகவே 5.1 ஆக வேலை செய்தது. டி.வி.டி. போயிற்று. இன்றைய டெலிவிஷனில் அந்த ஆறு துளைகள் கிடையாது. பெட்டி கெட்டுப்போகவில்லை, அதற்குச் சோறு போடுகிறவர்தான் இல்லை. அப்படி எத்தனையோ பெட்டிகள் பரண்மேல் தூங்குகின்றன.

இன்றைய டெலிவிஷனில் இருந்து ஆறு சப்தம் வெளியே வர இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, எச்.டி.எம்.ஐ. துளைகளில் "ஏ.ஆர்.சி." என்று எழுதியிருக்கும் துளை. இன்னொன்று "ஆப்டிகல்" என்னும் ஒளிக்கம்பித் துளை. இதில் சப்தம் சிவப்பு வெளிச்சமாகப் போகும். இவற்றில் வருவது மூட்டை கட்டிய சப்தம். மூட்டையை அவிழ்த்து ஆறாகப் பிரிக்க ஒரு யந்திரம் தேவை. அதற்கு "டீகோடர்" என்று பெயர். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை வாட்?" என்பது அல்ல. "ஆப்டிகலோ, ஏ.ஆர்.சி.யோ இருக்கிறதா? உள்ளே டால்பி டீகோடர் இருக்கிறதா?" என்பதுதான். கடைக்காரர் தலையைச் சொறிந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

டீகோடர் வாங்கிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. டெலிவிஷனில் சப்தத்துக்கான செட்டிங்கில் "பி.சி.எம்." என்று இருந்தால், ஒளிக்கம்பி வழியாக இரண்டு சப்தமே போகும். அதை "டால்பி டிஜிட்டல்" அல்லது "ஆட்டோ" என்று மாற்ற வேண்டும். காசு செலவழித்து எல்லாம் மாட்டிவிட்டு, இந்த ஒரு பொத்தானை மாற்றாமல், "பின் ஸ்பீக்கர் பேசவே இல்லை" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

ஐயாயிரம் வாட் என்னும் புளுகு

"5000 வாட்!" "10,000 வாட்!" இப்படி எழுதிய பெட்டிகளைப் பார்க்கலாம். பக்கத்தில் சின்ன எழுத்தில் "பி.எம்.பி.ஓ." என்று இருக்கும். அதற்குக் கட்டுப்பாடான அளவு எதுவும் கிடையாது. விற்பவர் விருப்பம்போல் எழுதும் எண் அது. நம்பத்தக்க அளவுக்கு "ஆர்.எம்.எஸ்." என்று பெயர்.

பெரிய படிப்பு இல்லாமலே இந்தப் புளுகைக் கண்டுபிடிக்கலாம். பெட்டியின் பின்னால் "மின்சாரம் எடுக்கும் அளவு" எழுதியிருக்கும். 60 வாட் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரில் இருந்து 60 வாட் வாங்குகிற யந்திரம், வாய் வழியாக 5000 வாட் கொடுக்குமா? ஒரு படி அரிசி போட்டு நூறு படி சோறு வடிக்கிற பானையை யாராவது பார்த்ததுண்டா?

உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரும் உண்மை பேசும். 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றால், 12 பெருக்கல் 5, மொத்தம் 60 வாட். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். பல மலிவுப் பெட்டிகளின் இதயம் "4440" என்று மெக்கானிக்குகள் செல்லமாக அழைக்கும் ஓர் ஐ.சி. ஜப்பானில் சான்யோ நிறுவனம் கார் ரேடியோ போன்ற சிறு சாதனங்களுக்காகச் செய்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து அது தருவது 12 வாட். குறை சொல்வதற்கில்லை, நல்ல ஐ.சி.தான். அதன் தலையில் ஆயிரக்கணக்கான வாட்டை ஏற்றுவதுதான் அநியாயம்.

ஒரு விஷயம் சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். வீட்டுக்கு அவ்வளவு வாட் தேவையே இல்லை. ஒரு சாதாரண ஸ்பீக்கர், ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் அளவுக்குச் சப்தம் போடும். பத்து வாட் கொடுத்தால் 98 டெசிபல். காதுக்கு அது சுமார் இரண்டு மடங்காகத்தான் கேட்கும். அதாவது, சப்தம் இரு மடங்காக, மின்சாரம் பத்து மடங்காக வேண்டும். 10 அடிக்கு 12 அடி கூடத்தில், உண்மையான 20, 30 வாட் ஆம்ப்ளிபையர் தாராளம்.

ரிச்சி தெருவில்

சென்னை அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது ரிச்சி தெரு. ரேடியோ சாமான் முதல் கம்ப்யூட்டர் சாமான் வரை அங்கே கிடைக்காத எலெக்ட்ரானிக் பொருள் அபூர்வம். ஆம்ப்ளிபையர் போர்டு, டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர், காலிப் பெட்டி, திருகாணி எல்லாம் தனித்தனியாக வாங்கிச் சேர்க்கலாம். வெளியூர்களிலும் அசெம்பிள் செய்து கொடுக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆர்டர் கொடுத்தால், "5200, 1943" ஜோடி டிரான்சிஸ்டர் போட்டுக் கட்டித் தருவார்கள்.

பெரிய கம்பெனிகளின் "ஏ.வி. ரிசீவர்" புதிதாக வாங்க, ஸ்பீக்கர் இல்லாமலே இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். அசெம்பிள் செய்தால் செலவு பாதிக்கும் கீழே. உத்தரவாதச் சீட்டு இருக்காது. ஆனால் பழுது வந்தால் செய்தவரே எதிரில் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. பத்து ஆண்டு பழைய ரிசீவரை, கேட்டுப் பார்த்து, இரண்டாம் கையாக வாங்கலாம். அது புதுப் படத்தின் "ஆட்மாஸ்" சப்தத்தைப் பிரிக்காது. ஒளிக்கம்பித் துளையும் டால்பி டீகோடரும் இருந்தால் 5.1 தாராளமாகக் கொடுக்கும். கையில் காசு குறைவாக உள்ள குடும்பத்துக்கு இதைவிட நல்ல பேரம் கிடைப்பது கஷ்டம்.

அசெம்பிள் செட்டில் ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. 230 வோல்ட் மின்சாரம் அந்தத் தகரப் பெட்டிக்குள் வருகிறது. ப்யூஸ் இருக்க வேண்டும். மூன்று முள் பிளக்கில் எர்த் கம்பி தகரத்தோடு இணைந்திருக்க வேண்டும். குழந்தை தொடும் உயரத்தில் வைக்கிற சாமான் அது.

ஆறையும் ஒரே நாளில் வாங்காதே

ரூ.20,000 ஒதுக்கிய குடும்பம் எப்படிச் செலவிடலாம்? பாதிப் பணம் ஸ்பீக்கருக்கு. மூன்றில் ஒரு பங்கு ஆம்ப்ளிபையருக்கும் டீகோடருக்கும். மிச்சம் கம்பிக்கும் பெட்டிக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விளக்கு மினுங்கும் ஆம்ப்ளிபையருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, ஸ்பீக்கருக்கு வரும்போது பையைத் தடவுகிறார்கள். சப்தம் போடுவது விளக்கு அல்ல, ஸ்பீக்கர்.

அந்தப் பணத்திலும் ஆறு மட்ட ரக ஸ்பீக்கரைவிட இரண்டு நல்ல ஸ்பீக்கர் மேல். முதலில் முன் இரண்டு. போனஸ் வந்தால் நடு ஸ்பீக்கர். பேச்சில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கே வருகிறது. பாட்டிக்கு வசனம் கேட்கவில்லை என்ற புகார் தீர்வது இதனால்தான். பிறகு சப் வூஃபர். பின் ஸ்பீக்கர்கள் கடைசி. அவை இல்லாமலும் படம் ரசிக்கும். நடு ஸ்பீக்கர் இல்லாமல் சண்டை ஓயாது!

மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மாற்றி மாட்டினால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். அடிச் சப்தம் ஒன்றை ஒன்று தின்றுவிடும். "புது ஸ்பீக்கரில் பேஸ் இல்லை" என்ற புகாரில் இதுவும் ஒரு காரணம். ஓம் கணக்கும் முக்கியம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்கம் பக்கமாக ஒரே முனையில் இணைத்தால் அது 4 ஓம் ஆகிவிடும். தாங்காத ஆம்ப்ளிபையர் சூடேறிக் கருகும்.

பானைக்குள் ஸ்பீக்கர்

கிராமத்து டீக்கடைகளில் மண்பானைக்குள் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுப் போடுவார்கள். பட்டணத்தார் பார்த்துச் சிரிப்பதுண்டு. சிரிக்க வேண்டியது இல்லை. வெறும் ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் கலந்து, அடிச் சப்தம் காணாமல் போகும். அந்த இரண்டையும் பிரிப்பதுதான் பெட்டியின் வேலை. பானை அதைச் செய்கிறது. அதன் சுவர் வளைந்தது, எளிதில் அதிராது. காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் "ஹூம்" என்று ஒலிக்கிறது அல்லவா? பானை வாயும் அதே விதத்தில் அடிச் சப்தத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. சப் வூஃபர் பெட்டியில் துளை போட்டுக் குழாய் வைப்பதும் இதே தத்துவம்.

மரப்பெட்டி செய்வதானால் தச்சரிடம் 18 மில்லிமீட்டர் பிளைவுட் கேட்க வேண்டும். மெல்லிய பலகை சப்தத்தோடு சேர்ந்து தானும் பாடும். மூலைகளில் காற்று கசியக் கூடாது. உள்ளே கொஞ்சம் தலையணைப் பஞ்சு ஒட்டினால் எதிரொலி குறையும்.

காசில்லாத வைத்தியம்

எதுவும் வாங்குமுன் கூடத்தின் நடுவில் நின்று கையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். "டங்" என்று சப்தம் நீண்டால் குற்றவாளி அறை. வழுவழு டைல்ஸ் தரை, வெறும் சிமெண்ட் சுவர், கண்ணாடி ஜன்னல் எல்லாம் சப்தத்தைப் பந்துபோல் திருப்பி அடிக்கும். எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கரும் அங்கே குழறும். ஜன்னலுக்குக் கனத்த திரை, தரையில் ஜமக்காளம், பின் சுவரில் துணியோ புத்தக அலமாரியோ. இந்த வைத்தியத்துக்குப் பிறகு டெலிவிஷனின் சொந்தக் குரலே தேறிவிடுவதும் உண்டு. அப்படித் தேறினால் ஹோம் தியேட்டர் பணம் மிச்சம்.

முன் ஸ்பீக்கர் இரண்டும் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரமும், அவற்றில் இருந்து ஆள் இருக்கும் தூரமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் நலம். பீரோமேல், கூரையை ஒட்டி வைப்பது அழகுக்குச் சரி, காதுக்குச் சரியல்ல. சப் வூஃபரை மூலையில் தள்ளினால் சப்தம் கூடும்; ஆனால் "கும் கும்" என்று மந்தமாகும். ஓர் அடி இரண்டு அடி நகர்த்தி நகர்த்திக் கேட்டுப் பார்த்தால் நல்ல இடம் அகப்படும்.

சுவருக்கு அந்தப்புறம்

அடிச் சப்தத்தின் அலை மிக நீளம். 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் சுமார் எட்டரை மீட்டர். கூடத்தைவிடப் பெரிது! திரையோ ஜமக்காளமோ அதைத் தடுக்காது. சுவரையும் தளத்தையும் அதிரவைத்து அடுத்த வீட்டுக்குள் போய்விடும். அங்கே வசனம் கேட்காது, பாட்டு கேட்காது; "தும் தும்" மட்டும் கேட்கும். அடுக்கு மாடிக் குடியிருப்பில் இது சாதாரணத் தொல்லை அல்ல. மறுநாள் பரீட்சை எழுதும் பிள்ளையும், இரவு வேலை முடித்து வந்து படுத்தவரும் அந்தப்புறம் இருக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.

சொந்தக் காதுக்கும் கணக்கு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். இரண்டு படத்தோடு அந்த வாரத்துக் கணக்கு தீர்ந்தது.

டீகோடர் உள்ள ரிசீவர்கள் பலவற்றிலும், சில டெலிவிஷன்களிலும் "நைட் மோடு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால், வெடிச் சப்தம் தாழும், மெல்லிய பேச்சு உயரும். குழந்தை தூங்குகிற வீட்டில், ஒன்பது மணிக்கே அதை அழுத்திவிடலாம். சப் வூஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் மெத்தை ஒன்று போட்டால், கீழ் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வருவதும் குறையும்.